ஃபாட்டு ஹிவா தீவில் ஒரு பகல்: பாய்மரப் படகில் வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பாய்மரப் படகில் பசிபிக்கைக் கடக்கக் கிளம்புகிறவர்கள், வழியில் ஃபாட்டு ஹிவாவில் ஒரு நாள் இறங்கினால் என்ன பார்க்கலாம், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கேட்கிறார்கள். ஒரு படகின் மாலுமிக் குழுவில் ஒருவனாக அங்கே போய் வந்தவன் நான். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

ஃபாட்டு ஹிவா எங்கே இருக்கிறது?

தென் பசிபிக்கில், பிரெஞ்சு பொலினீசியாவின் வடகிழக்கு மூலையில் மார்க்கேசஸ் தீவுக்கூட்டம் இருக்கிறது. அதில் மக்கள் வாழும் தீவுகள் ஆறு. தெற்கோரத்தில் இருப்பது ஃபாட்டு ஹிவா. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே புதுக்கோட்டை எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, ஏறக்குறைய அவ்வளவு தெற்கே தள்ளி இந்தத் தீவு இருக்கிறது. அதனால் வெயிலும் புழுக்கமும் நமக்குப் புதிதல்ல. பரப்பு சுமார் 85 சதுர கிலோமீட்டர், மக்கள் சுமார் 600 பேர். ஊர்கள் இரண்டே இரண்டு: ஓமோவா, ஹனவாவே. விமான நிலையம் கிடையாது. அங்கே நண்பகல் என்றால் தமிழ்நாட்டில் மறுநாள் விடியற்காலை மூன்று மணி. வீட்டுக்குப் பேச நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு தீவுகள் இருக்க, இதற்கு ஏன் போக வேண்டும்?

கிழக்கிலிருந்து வரும் படகுகளுக்கு முதலில் தென்படும் தீவுகளில் இதுவும் ஒன்று. கலாபகோஸ் தீவுகளிலிருந்து ஏறத்தாழ 3000 கடல் மைல், அதாவது சுமார் 5500 கிலோமீட்டர். கிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்று முதுகில் தள்ள, மூன்று முதல் நான்கு வாரம் ஆகும். அத்தனை நாள் நீலத்தையே பார்த்த கண்ணுக்கு, கடலிலிருந்து செங்குத்தாக எழும் பச்சை மலை தெரியும்போது மனசு என்ன ஆகும் என்று வந்து பார்த்தால்தான் புரியும்.

ஆனால் அழகுக்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. விமானம் இறங்காததால் இங்கே ஓட்டல்காரர்களின் தீவுக்கு வந்திருக்கிறோம் என்ற எண்ணமே வராது. ஊர்க்காரர்களின் தீவுக்கு வந்திருக்கிறோம் என்பது முதல் மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். நீங்கள் வந்ததால் அவர்கள் பிழைப்பு ஓடவில்லை. கொப்பரை காய வைப்பது, மீன் பிடிப்பது, தாப்பா என்ற மரப்பட்டைத் துணிக்குப் பட்டை தட்டுவது என்று அவர்கள் வேலை அதுபாட்டுக்கு நடக்கிறது. அந்த வேலைகளின் நடுவே விருந்தாளியாக நடந்து திரிய ஒரு பகல் கிடைப்பது பெரிய கொடுப்பினை.

கடலைக் கடந்ததும் நேராக அங்கேயே நங்கூரம் போட்டு இறங்கலாமா?

கூடாது. இது ஒன்றில் மட்டும் வழவழா கொழகொழா என்று பேச எனக்கு விருப்பமில்லை. நுழைவுப் பதிவு செய்யும் துறைமுகம் ஃபாட்டு ஹிவாவில் இல்லை. முதலில் ஹிவா ஓவா தீவின் அத்துவோனாவிலோ, நுக்கு ஹிவா தீவின் தாயோஹாயேவிலோ, இன்னும் பதிவு முடியவில்லை என்று காட்டும் மஞ்சள் கொடியோடு போய் நின்று, காவல் நிலையத்தில் பதிவை முடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் இங்கே வரலாம்.

அத்துவோனாவிலிருந்து சுமார் 45 கடல் மைல், அதுவும் காற்றை எதிர்த்து. அலுப்பான வேலைதான். அதற்குப் பயந்து பலர் "போகிற வழிதானே" என்று முதலில் இங்கே இறங்கிவிடுகிறார்கள். பிடிபட்டால் அபராதம் ஒரு பக்கம் இருக்கட்டும், இன்னொருவர் வீட்டுக்குள் கதவைத் தட்டாமல் நுழைகிற மாதிரி ஆகிவிடும்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குக் கூடுதல் வேலை உண்டு. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான சாதாரண ஷெங்கன் விசா இங்கே செல்லாது. பிரெஞ்சு பொலினீசியாவுக்குச் செல்லும் என்று குறிப்பிட்டிருக்கும் விசாவைக் கிளம்புவதற்கு முன்பே வாங்கியாக வேண்டும். ஊர் திரும்ப விமானச் சீட்டோ அதற்கு ஈடான வைப்புத்தொகையோ காட்டச் சொல்வார்கள். நடுக்கடலில் இதையெல்லாம் சரிசெய்ய முடியாது.

எந்த மாதத்தில் போவது?

பெரும்பாலான படகுகள் மார்ச்சுக்கும் ஜூனுக்கும் இடையே மார்க்கேசஸ் வந்து சேருகின்றன. தென் பசிபிக்கின் புயல் காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. மார்க்கேசஸ் பக்கம் புயல் வருவது அபூர்வம், மேற்கே போகப் போகத்தான் ஆபத்து. மழை எப்போதும் உண்டு. இந்தக் கூட்டத்திலேயே அதிக ஈரமுள்ள தீவு இது.

நங்கூரம் போட நல்ல இடம் உண்டா?

ஹனவாவே விரிகுடாவில்தான் எல்லோரும் நிற்பார்கள். கன்னியர் விரிகுடா என்று படங்களில் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் தூண் தூணாக எரிமலைப் பாறைகள், அவற்றுக்கு நடுவே பின்னால் ஒரு பச்சைக் கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கு. மாலை வெயில் நேராகப் பாறைகள் மேல் விழும்போது அவை பொன்னாகி, செம்மையாகி, அப்புறம் ஊதாவாகும். படகில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

இந்த அழகுக்கு ஒரு விலை இருக்கிறது. ஆழம் அதிகம், பத்துப் பாகத்துக்கு (சுமார் 18 மீட்டர்) மேல் போய்விடும். அடித்தரை எல்லா இடத்திலும் நங்கூரத்தைப் பிடிக்காது. பள்ளத்தாக்கிலிருந்து திடீர் திடீரென்று காற்று இறங்கி அடிக்கும். மார்க்கேசஸ் தீவுகளைச் சுற்றி, தாஹிட்டியில் இருப்பது போன்ற பவளத் தடுப்புச் சுவர் இல்லாததால் அலை நேராக உள்ளே வரும். சங்கிலியைத் தாராளமாக விடுங்கள். நங்கூரம் பிடித்திருக்கிறதா என்று பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கரைக்குப் போகாமல், படகை ஓட்டத் தெரிந்த ஒருவரைக் காவலுக்கு விட்டுப் போவது என் அழுத்தமான ஆலோசனை. நாங்கள் நின்றிருந்தபோது ஆளில்லாத ஒரு படகு நங்கூரத்தை இழுத்துக்கொண்டு விரிகுடாவின் வாயை நோக்கி நகர்ந்தது. பக்கத்துப் படகுக்காரர்கள் டிங்கி என்ற சிறுபடகில் விரைந்து போய் ஏறி அதை நிறுத்தினார்கள்.

ஒரே ஒரு பகல்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

நடங்கள். ஓமோவாவிலிருந்து ஹனவாவேவுக்கு மலைமேல் ஒரு பாதை போகிறது, சுமார் 17 கிலோமீட்டர். ஒரு பகலை இதற்குக் கொடுப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

படகு ஹனவாவேயிலேயே நிற்கட்டும். முதல் நாள் மாலையே ஊரில் யாரிடமாவது பேசி, மறுநாள் காலை அவர்கள் படகில் ஓமோவாவுக்குக் கொண்டுபோய் விடச் சொல்லுங்கள். கூலியை முன்னாடியே பேசிக்கொள்ளுங்கள். ஓமோவாவில் அலை கரையில் மோதும் வேகம் அதிகம். படகு அலையோடு எழும் கணம் பார்த்து, படகுக்காரர் சொல்லும்போது மட்டும் தாண்டிக் குதிக்க வேண்டும். காமிராவையும் போனையும் தண்ணீர் புகாத பையில் போடுங்கள்.

ஓமோவாவில் தாப்பா செய்பவர்களைப் பார்த்துவிட்டு (அது பற்றிக் கீழே சொல்கிறேன்) எட்டரை மணிக்குள்ளாவது ஏறத் தொடங்குங்கள். ஆரம்பத்தில் மா, தென்னை, சீமைப்பலா நிழல் இருக்கும். மேலே போகப் போக மரம் குறைந்து, தாழையும் பெரணியும் புல்லும் மட்டுமே. பாதை கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. தீவின் உச்சி இன்னும் உயரம், 1100 மீட்டருக்கு மேல். அது பெரும்பாலும் மேகத்துக்குள்தான் இருக்கும். நடுவில் கடையோ வீடோ கிடையாது. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

முகட்டில் நின்று பார்த்தால் இந்தத் தீவு எப்படி உருவானது என்பது கண்ணுக்கே தெரியும். இருபது லட்சம் ஆண்டுகூட ஆகாத எரிமலை இது. அதன் மேற்குப் பாதி எப்போதோ சரிந்து கடலுக்குள் போய்விட்டது. மிச்சம் நிற்கும் பாதி வளையத்தின் விளிம்பில்தான் நீங்கள் நடக்கிறீர்கள். இரண்டு ஊர்களும் அந்த வளையத்தின் உள்பக்கத்தில், மேற்கைப் பார்த்து உட்கார்ந்திருக்கின்றன.

கடைசி இறக்கம்தான் சோதனை. ஹனவாவேவை நோக்கி வளைந்து வளைந்து செங்குத்தாக இறங்கும். முழங்கால் கெஞ்சும். கீழே விரிகுடாவில் உங்கள் படகு அரிசிமணி அளவுக்குத் தெரியும். நிதானமாக நடந்தால் மொத்தம் ஐந்து, ஆறு மணி நேரம். மாலை ஆறுக்குள் இருட்டிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. வாரக்கணக்கில் படகிலேயே இருந்த காலுக்குப் பலம் குறைந்திருக்கும். கரையில் ஏறியதும் தரை ஆடுவது போலவும் இருக்கும். ஹிவா ஓவாவில் பதிவுக்காக நிற்கும் நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக நடந்து பழகிக்கொள்ளுங்கள்.

அவ்வளவு நடக்க முடியாது. அருவி போதுமா?

போதும். ஹனவாவேயிலிருந்து ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேர நடையில், சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து விழும் வாயேயேநுயி அருவி இருக்கிறது. ஊரைக் கடந்து சாலையோடு ஏறி, பிறகு காட்டுப் பாதையில் திரும்ப வேண்டும். திருப்பத்தை ஊரில் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே, முன்னால் போனவர்கள் கல் மேல் கல் வைத்து அடையாளம் செய்திருப்பார்கள். மழைக்குப் பிறகு பாறை வழுக்கும். அருவி விழும் இடத்துக்கு நேர் கீழே நிற்காதீர்கள், மேலிருந்து கல் விழலாம். காலில் வெட்டுக்காயம் இருந்தால் குளத்தில் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் இந்தத் தீவுகளில் உண்டு.

தாப்பா என்றால் என்ன?

மரப்பட்டையைத் தட்டித் தட்டிச் செய்யும் துணி. நெசவு அறியாத பசிபிக் தீவுகள் பலவற்றில் ஒரு காலத்தில் இதுதான் உடை. பிரெஞ்சு பொலினீசியாவில் மற்ற இடங்களில் ஏறக்குறைய மறைந்துபோன இந்தக் கைத்தொழில் ஃபாட்டு ஹிவாவில் பிழைத்திருக்கிறது. இன்றும் பெண்கள்தான் செய்கிறார்கள்.

ஓமோவாவில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதைப் பார்த்தேன். வயதான அம்மா ஒருவர் காகித மல்பெரிக் கிளையின் மேல்தோலைச் சுரண்டி எறிந்துவிட்டு, வெண்மையான உள்பட்டையை மட்டும் உரித்து எடுத்தார். அகலம் மூன்று விரல் இருக்கும். அதைத் தண்ணீரில் நனைத்து, ஒரு வழுவழுப்பான கட்டை மேல் பரப்பி, சவுக்குக் கட்டையில் செய்த சதுரமான கொட்டாப்புளியால் தட்ட ஆரம்பித்தார். கொட்டாப்புளியின் ஒரு முகத்தில் அகலமான வரிகள், அடுத்த முகத்தில் நெருக்கமான வரிகள். அகலமான பக்கத்தால் தொடங்கி, பட்டை விரிய விரிய நெருக்கமான பக்கத்துக்கு மாறினார். கண்ணெதிரே மூன்று விரல் ஒரு முழத்தை நோக்கி விரிந்தது. ஓட்டை விழுந்த இடத்தில் சின்னத் துண்டை வைத்து அதையும் தட்டினார், ஒட்டு தெரியவில்லை. தையலும் கிடையாது, பசையும் கிடையாது.

காகித மல்பெரி வெள்ளைத் துணி தரும். சீமைப்பலாப் பட்டை பழுப்பு. ஆலமரப் பட்டை இன்னும் அடர்ந்த நிறம். காய்ந்ததும் அதன் மேல் கறுப்பில் மார்க்கேசஸ் கோலங்களை வரைவார்கள். உடம்பில் பச்சை குத்தும் அதே வடிவங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாதிரிமார்களும் பிரெஞ்சு நிர்வாகமும் பச்சை குத்துவதைத் தடுத்தார்கள். அந்த வடிவங்களை இன்று ஒரு துணியில் பார்ப்பது சாதாரண விஷயமில்லை. விலை கூடுதலாகத் தோன்றலாம். தட்டுவதை ஒரு மணி நேரம் பார்த்தவர்கள் பேரம் பேச மாட்டார்கள்.

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள்: ஊமு ஹேய். சந்தனத்தூள், துளசி இனத்து இலை, புதினா, இலாங் இலாங் பூ, அன்னாசித் துண்டு, வெட்டிவேர் எல்லாம் சேர்த்துக் கட்டிய சின்ன மணக்கொத்து. பெண்கள் கொண்டைக்குள் செருகிக்கொள்வார்கள். வாடினாலும் மணம் நாள்கணக்கில் நிற்கும். தலையில் பூ வைக்கும் ஊரிலிருந்து வருகிற நமக்கு இதன் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பணம் எப்படி? பண்டமாற்று உண்டு என்கிறார்களே?

வங்கியும் ஏடிஎம்மும் ஃபாட்டு ஹிவாவில் இல்லை. பசிபிக் பிராங்க் நோட்டுகளை அத்துவோனாவிலேயே எடுத்து வந்துவிடுங்கள். ஒரு யூரோவுக்குச் சுமார் 119 பிராங்க், இது நிலையான மாற்று விகிதம்.

பண்டமாற்றும் நடக்கிறது. தூண்டில் முள், தூண்டில் நரம்பு, நல்ல கயிறு, வாசனைத் திரவியம், பள்ளிப் பிள்ளைகளுக்கான பொருட்கள் ஆகியவற்றுக்கு மதிப்பு உண்டு. பதிலுக்கு வாழைத்தார், எலுமிச்சை, பம்பளிமாசு கிடைக்கும். அந்தப் பம்பளிமாசின் இனிப்புக்கு ஈடாக வேறெங்கும் நான் சாப்பிட்டதில்லை. கிழிந்த பாய்த்துணியையும் பழைய சட்டையையும் தள்ளிவிட்டுப் பழம் வாங்கப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அது அவமரியாதை. நீங்கள் உங்கள் வீட்டுக்கு வாங்கும் தரத்தில் கொடுங்கள். எப்போதாவது யாராவது மதுவோ துப்பாக்கித் தோட்டாவோ கேட்டால், சிரித்த முகத்தோடு இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

பழம் தரையில் விழுந்து கிடக்கிறதே, எடுக்கலாமா?

எந்த மரமும் ஆளில்லாத மரமல்ல. காட்டு நடுவில் நின்றாலும் அது ஒரு குடும்பத்தின் மரம். கேட்டால் கை நிறையக் கொடுப்பார்கள். "கஓஹா" என்று வணக்கம் சொல்லிவிட்டுக் கேளுங்கள். பிரெஞ்சும் எல்லோருக்கும் தெரியும்.

சைவ உணவு கிடைக்குமா?

உணவகம் என்று தேடாதீர்கள். வீட்டில் சமைத்துக் கொடுப்பவர்களிடம் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். மீனையும் ஆட்டுக்கறியையும் ஒதுக்கினால் சீமைப்பலாதான் கைகொடுக்கும். இலங்கையில் இதை ஈரப்பலா என்பார்கள். நெருப்பில் முழுசாகச் சுட்டு, கரிந்த தோலை நீக்கினால் உள்ளே ரொட்டி மாதிரி இருக்கும். தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிட்டால் தனி ருசி. அந்தக் காலத்தில் இதைக் குழியில் புளிக்க வைத்து ஆண்டுக்கணக்கில் சேமித்தார்கள், பஞ்சம் வந்தால் உயிர் காத்தது அதுதான். அந்தப் புளித்த மாவும் புதுப்பழமும் சேர்த்துப் பிசைந்த போப்போயி கிடைத்தால் ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள். புளிப்புக்குப் பழகிய நாக்கு நமக்கு.

பாம்பு, பூச்சி?

நிலத்தில் பாம்பு இல்லை. பெரிய பூரான் உண்டு, செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள். கொசுவும், நோனோ என்ற கண்ணுக்குத் தெரியாத கடிப்பூச்சியும் உண்டு. கடித்த இடத்தைச் சொறிந்தால் புண்ணாகி, ஈரக் காற்றில் ஆறாமல் இழுக்கும். டெங்கு பரவும் காலமும் வரும். முழுக்கைச் சட்டையும் தைலமும் போதும்.

நம் ஊர் மரங்களும் அங்கே இருக்கின்றனவாமே?

ஆமாம். எனக்கு இந்தத் தீவில் மிகப் பெரிய சந்தோஷம் அதுதான். கரையோரத்தில் மஞ்சள் பூவும் இதய வடிவ இலையுமாக நிற்பது நம் பூவரசு. சிறுவயதில் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதிய அதே மரம். மார்க்கேசஸ் சிற்பிகள் தங்கள் மூதாதைத் திருவுருவான டிக்கியை அதன் கட்டையில் செதுக்குகிறார்கள். புன்னை இருக்கிறது. அதன் எண்ணெயைத் தோலுக்குப் பூசுகிறார்கள். தாழை, சவுக்கு, நுணா எல்லாமே உண்டு. பழைய கோயில் மேடைகளின் பக்கத்தில் ஆலமரம் நிற்கும். அந்த மேடைக் கற்கள் மேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள், முன்னோர்களின் எலும்பு இருந்த இடங்கள் அவை.

சந்தனமும் இருந்தது. 1810களில் வந்த வணிகக் கப்பல்கள் சீனத்து கான்டனில் விற்பதற்காக இந்தத் தீவுக்கூட்டத்தின் சந்தன மரங்களைச் சில ஆண்டுகளிலேயே வெட்டித் தீர்த்துவிட்டன.

அங்கே வாழ்பவர்கள் யார்?

தாங்களே கட்டிய படகுகளில் மேற்கிலிருந்து வந்து, சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குடியேறிய பொலினீசியர்கள். நார்வேக்காரரான தோர் ஹேயர்டால் 1937இல் ஃபாட்டு ஹிவாவில் வந்து தங்கினார். இந்த மக்கள் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் என்ற எண்ணம் அவருக்கு இங்கேதான் உதித்தது. மொழியும் மரபணுவும் அதை ஏற்கவில்லை. ஆனால் இரண்டு மக்களும் எங்கோ சந்தித்தார்கள் என்பது உண்மை. இரு மக்களின் இரத்தக் கலப்பு பன்னிரண்டாம் நூற்றாண்டில் நடந்தது என்கிறது 2020இல் வெளியான மரபணு ஆய்வு. தென் அமெரிக்கச் சர்க்கரைவள்ளி இந்தத் தீவுகளுக்கு வந்த கதையும் அதோடு சேரும்.

1595இல் ஸ்பானியர் மெண்டானாவின் கப்பல்கள் முதலில் கண்டது இந்தத் தீவைத்தான். சந்திப்பு துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. 1842இல் பிரான்ஸ் எடுத்துக்கொண்டது. வெளியார் கொண்டுவந்த நோய்களால் பல்லாயிரம் பேர் இருந்த மார்க்கேசஸில் 1920களில் எஞ்சியவர்கள் சுமார் 2000 பேர். இப்போது 9000க்கு மேல். 2024இல் இந்தத் தீவுக்கூட்டம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஹனவாவே தெருவில் பிள்ளைகள் ஓடி விளையாடுவதைப் பார்க்கும்போது இந்தக் கணக்கு ஞாபகத்துக்கு வரும்.

ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேர்ந்தால்?

கடை இருக்காது, படகு வாடகைக்குக் கிடைப்பதும் கஷ்டம். அதனால் என்ன, காலையில் தேவாலயத்துக்குப் போங்கள். முழங்கால் மறையும் உடை போதும். மார்க்கேசஸ் மொழியில் ஊரே சேர்ந்து பாடும். வாத்தியம் பெரிதாக இருக்காது, குரல்களே கூரையைத் தூக்கும்.

தீவுக்கு நம்மால் கெடுதல் வருமா?

வரலாம், அதுவும் நமக்கே தெரியாமல். ஃபாட்டு ஹிவாவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு சின்னக் கறுப்புப் பறவை இருக்கிறது, ஃபாட்டு ஹிவா மோனார்க். கப்பல் எலி என்ற கறுப்பு எலி 2000ஆம் ஆண்டு வாக்கில் தீவுக்குள் நுழைந்தது. மரமேறி முட்டையையும் குஞ்சையும் தின்னும் எலி அது. அதுவரை நன்றாக இருந்த பறவைக் கூட்டம் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டது. மனு என்ற பறவைப் பாதுகாப்புச் சங்கமும் ஊர்க்காரர்களும் ஒரு பள்ளத்தாக்கில் எலிப்பொறியும் பூனைப்பொறியும் வைத்து, மிச்சம் உள்ள ஜோடிகளைக் காத்து வருகிறார்கள். அவர்கள் பாடு வீணாகாமல் இருப்பதில் நமக்கும் பங்கு உண்டு.

பெரிய துறைமுகத்தில் கரையோடு கட்டி நின்ற படகென்றால், கிளம்புமுன் எலிப் புழுக்கையோ கடித்த பையோ இருக்கிறதா என்று ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பாருங்கள். கட்டுக்கயிற்றில் எலித் தடுப்புத் தட்டு மாட்டுங்கள். தாஹிட்டியில் நெருப்பெறும்பு பரவியிருப்பதால், அந்தப் பக்கமிருந்து வருபவர்கள் தொட்டிச்செடியோ மண்ணோ கொண்டுவரக் கூடாது. நடைக்குப் போகும் முன் செருப்பு அடியில் ஒட்டியிருக்கும் சேற்றையும் விதையையும் கடல் நீரில் தேய்த்துக் கழுவுங்கள். இங்கிருந்து அடுத்த தீவுக்கு வாழைத்தார் கொண்டுபோனால், அதையும் கடலில் முக்கி எடுத்து, ஒரு இரவு படகின் பின்பக்கம் வெளியே தொங்கவிட்டு, பூச்சி ஏதும் இல்லை என்று பார்த்த பிறகு உள்ளே எடுங்கள்.